குப்பை என்று நினைத்தேன்!

"நாற்பதைத் தாண்டிய பொம்பளை, பிளாஸ்டிக் பொம்மை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்!" என்று என் நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! 2023-க்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். சமையல், கோலம், கொஞ்சம் தையல், பூத்தொடுப்பது... இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கைவேலை. ரோபோ பொம்மைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் வந்த கதையைச் சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு டோக்கியோவில் வேலை. 2023 மார்ச்சில் நானும் மகனும் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேர்ந்தோம். வீடு நிஷி-கசாய் என்ற பகுதியில். நம் நாட்டவர்கள் நிறையக் குடியிருக்கும் இடம். துவரம்பருப்பு, கறிவேப்பிலை, இட்லி அரிசி எதற்கும் குறைவில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

டோக்கியோவில் இந்தியப் பள்ளிக்கூடங்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. பேட்டையில் உள்ள அரசுப் பள்ளியிலேயே மகனைச் சேர்த்தோம். பாடம், பேச்சு, விளையாட்டு எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். ஊரில் இருக்கும்போது வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. "கொஞ்ச நேரம் சும்மா இருடா" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். இங்கே வந்த இரண்டாம் மாதமே அடியோடு மாறிவிட்டான்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"ஸ்கூல்ல இன்னிக்கு என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். "வயசு அப்படி, சரியாப் போயிடும்" என்றார் இவர். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. ஆனால் நான் மட்டும் என்ன வாழ்ந்தது? எதிர் வீட்டு அம்மாள் தினமும் குனிந்து வணக்கம் சொல்வார். நானும் குனிந்து சிரிப்பேன். அதற்கு மேல் அந்த ஊரில் எனக்கும் வாய் கிடையாது.

அன்று நடந்தது

ஜப்பானில் ஜூன் மாதம் மழைக்காலம். துணி காயாது, வீடெல்லாம் ஈர வாடை. ஒரு நாள் மகன் பள்ளிக்குப் போனதும் அவன் அறையை ஒழிக்க ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே ஒற்றைக் காலோடு ஒரு ரோபோ பொம்மை. கூடவே, ஜன்னல் சட்டம் மாதிரி நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள். பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்ட வெறும் குச்சிகள்தான். 'சாமானை எடுத்துக்கொண்டு குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறானே' என்று நினைத்துக்கொண்டு, பொம்மையை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டங்களைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். அன்றைக்குக் குப்பை நாள். வண்டியும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் வந்தான். பெட்டியைத் திறந்தான்.

"அம்மா! இதுல இருந்த ரன்னர் எங்க?"

"எதுடா? அந்தக் குச்சியா? குப்பையிலே போட்டேனே."

"அதுலதாம்மா வலது கால் இருந்தது! உனக்கு எதுவுமே தெரியாது! யாரையும் கேக்கவும் மாட்டே! இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்!"

மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே அவன் அழுவது எனக்குக் கேட்டது. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயிரம் யென் சொச்சம் விலையுள்ள பொம்மைதான். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இவர் சொன்னார். கொடுக்கலாம். ஆனால் 'எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்' என்ற வார்த்தைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

படமே பாஷை

அந்த ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு அகிஹபராவில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மாடி முழுக்க அடுக்கடுக்காக ரோபோப் பெட்டிகள்! டை கட்டிய ஆபீஸ்காரர்கள், நரைத்த தலைகள் எல்லாம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்தான் குறைவு. "ஒன்றுமே தெரியாதவர்களுக்கு எது?" என்று இவர் கேட்க, கடைப்பெண் ஒரு சிறிய பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். 'என்ட்ரி கிரேடு' என்று பெயர். 2020-ல் வந்த வகை. அப்போதைய விலை 700 யென், வரி தனி. நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள். பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், கத்தரிகூட வேண்டாம். விரலால் அழுத்தினாலே பாகங்கள் கழன்று வரும் என்றாள்.

பொம்மையின் பெயரைக் கேட்டதும்தான் எனக்குப் பகீரென்றது. 'கண்டம்'! ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது என்பார்களே, அதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா? பிறகுதான் தெரிந்தது, அது 1979-ல் அங்கே டெலிவிஷனில் வந்த கார்ட்டூன் தொடரில் வரும் இயந்திரத்தின் பெயர் என்று.

இரவு சாப்பாட்டுக் கடை முடிந்ததும், மேஜையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கூடவே வந்த கையேட்டைப் பிரித்தால் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் பாருங்கள், புரிய வேண்டிய அவசியமே இல்லை! எல்லாம் படம்தான். சட்டத்துக்கு ஏ, பி, சி என்று அடையாளம். பாகத்துக்கு 1, 2, 3 என்று எண். 'ஏ சட்டத்தில் 5-ம் நம்பரை எடு, பி-யில் 2-ம் நம்பரோடு சேர்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானுக்கு வந்ததிலிருந்து பார்த்ததில், யாருடைய உதவியும் இல்லாமல் நானே படித்துப் புரிந்துகொண்ட முதல் ஜப்பானியப் புத்தகம் அதுதான்!

'டிக்' என்று ஒரு சத்தத்தோடு முதல் இரண்டு பாகங்கள் சேர்ந்தன. அந்தச் சத்தத்தில் என்ன மாயமோ, அடுத்ததைத் தேடச் சொல்கிறது. அரை மணியில் தலை வந்தது, மார்பு வந்தது. கைக்கு வரும்போது ஏதோ சிக்கிக்கொண்டது. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், சேரமாட்டேன் என்கிறது.

"அம்மா, அது இடது கை."

நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் குடிக்க வந்தவன், கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான்.

"அப்படியாடா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே போனான். சரி, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நகம் போல மெல்லிய ஒரு பிளாஸ்டிக் கருவியோடு திரும்பி வந்தான். தப்பாகச் சேர்த்ததைப் பிரிக்க அதற்கென்றே உள்ள சாமானாம். நான் மாட்டியிருந்ததை நோகாமல் நெம்பிப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். தானாகச் செய்யவில்லை. நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். நானும் "மன்னிச்சுக்கோடா" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்தால், இரண்டு பேர் கண்ணும் அந்த வேலைமேல் இருக்கிறது. அப்போது வார்த்தை தானாக வருகிறது. இதை அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டேன். நாம் கீரை ஆய்ந்துகொண்டே அக்கம்பக்கத்தாரிடம் மனசுவிட்டுப் பேசுவதில்லையா? அதே கதைதான்.

மகன் சொன்ன சரித்திரம்

அந்த வாரம் முழுக்க இரவில் அரை அரை மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாக அவன்தான் எனக்கு எல்லாம் சொன்னான்.

அந்தத் தொடர் முதலில் தோல்வியாம்! 52 வாரம் வர வேண்டியதை, பார்ப்பவர்கள் போதவில்லை என்று 43-லேயே முடித்துவிட்டார்களாம். போருக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட 15 வயதுப் பையன் அமுரோதான் கதாநாயகன். அவன் ஒரு கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே அந்த இயந்திரத்தை ஓட்டுகிறான். உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுவதால் அதை ரோபோ என்று சொல்லக்கூடாதாம். நான் சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். தொடர் முடிந்த பிறகு, 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென் விலையில் இதைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிடித்ததுதான் பைத்தியம்! கதையில் 18 மீட்டர் உயரமுள்ள இயந்திரத்தை 144-ல் ஒரு பங்காகக் குறுக்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

ஃபூஜி மலைப் பக்கம் ஷிஸுவோகா என்ற ஊரில் இதற்கென்று 2006-ல் ஒரு தொழிற்சாலையைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, உலோக அச்சுக்குள் பலமாக அழுத்திச் செலுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் ஓடுகிற வாய்க்கால்தான் நான் குப்பை என்று நினைத்த அந்தச் சட்டம். அதற்கு 'ரன்னர்' என்று பெயர். வாய்க்காலிலிருந்து பாகத்துக்குத் திறக்கிற குட்டி மடைக்கு 'கேட்'. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? சட்டென்று புரிந்துவிட்டது.

நாங்கள் செய்வதுபோல, பெயிண்ட் அடிக்காமல், உள்ளதை உள்ளபடி மாட்டி முடிப்பதற்கு ஜப்பானியர்கள் 'பச்சிகுமி' என்கிறார்கள். மாட்டும்போது வரும் 'டிக்' சத்தம் அவர்கள் காதுக்கு 'பச்சி' என்று கேட்கிறதாம். வாங்கி வாங்கி அடுக்கிவிட்டுச் செய்யாமலே வைத்திருக்கும் பெட்டிகளுக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது: 'ட்ஸுமிபுரா'. நம் பீரோவில் தைக்காமல் கிடக்கும் ரவிக்கைத் துணிகளுக்கும் இப்படி ஒரு பெயர் வைத்தால் தேவலை!

வந்து சேர்ந்த கால்

ஐந்தாம் நாள் என் பொம்மை முடிந்தது. எழுந்து நின்றது. அதன் பக்கத்தில் அவன் தன்னுடைய ஒற்றைக்கால் பொம்மையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தான். அப்போதுதான், தொலைந்த பாகத்தை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க முடியும் என்று அவன் சொன்னான். ஆனால் ஜப்பானிய மொழியில் விண்ணப்பம் எழுத வேண்டும். "எனக்கு எழுதத் தெரியலம்மா. அதனாலதான் விட்டுட்டேன்."

இவர் எழுதித் தருவதாகச் சொன்னார். நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். அவனாகவே இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அந்தக் கையேட்டைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனான். வகுப்பில் பக்கத்து நாற்காலிப் பையனிடம் காட்டிக் கேட்டானாம். அந்தப் பையன் வீட்டில் இதே மாதிரி ஏழெட்டு பொம்மைகள்! மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே வலது கால். அதை மாட்டும்போது வந்த 'டிக்' சத்தம் அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதைப் பிள்ளை பார்க்க வேண்டாமே என்றுதான்.

ஆகஸ்டு விடுமுறையில் ஒடைபா என்ற இடத்துக்குப் போனோம். அங்கே 2017-ல் நிறுத்திய 19.7 மீட்டர் உயரக் கண்டத்தைப் பார்த்தோம். குறிப்பிட்ட நேரத்தில் அதன் கவசங்கள் விலகி, உள்ளேயிருந்து சிவப்பு வெளிச்சம் வந்தது. நெற்றிக் கொம்பு இரண்டாகப் பிரிந்தது. கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. நம் ஊர்த் தேர் அசையும்போது அண்ணாந்து பார்ப்போமே, அப்படி! எங்களோடு அந்தப் பள்ளித் தோழனும் வந்திருந்தான். நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சிவந்த மூக்கோடு சாப்பிட்டான்.

அந்த வருஷ நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் மூன்று படி கொலு. கீழே அமைத்த பார்க்கில் காவல்காரனாக நின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை! சுண்டலுக்கு வந்த எதிர் வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். "நான் செய்தது" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன். கும்பிடு இல்லாமல் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

நம் நாட்டிலும் இப்போது இவை விற்பனைக்குக் கிடைக்கின்றன. இறக்குமதி என்பதால் விலை சற்றுக் கூடுதல். என் அனுபவத்தில் தெரிந்துகொண்ட சில குறிப்புகள்:

1. முதலில் என்ட்ரி கிரேடு. அடுத்தது ஹெச்.ஜி. எனப்படும் வகை. எம்.ஜி., பி.ஜி. என்று பெரிய வகைகளும் உண்டு. எடுத்தவுடன் அவற்றில் கை வைத்தால் பாதியில் வெறுத்துப் போகும்.

2. ஹெச்.ஜி. முதல் மேலே எல்லாவற்றுக்கும் 'நிப்பர்' என்ற சிறிய வெட்டுக்குறடு தேவை. சமையலறைக் கத்தரியால் வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் நெரிந்து வெள்ளைத் தழும்பு விழும்.

3. ஒரே வெட்டில் எடுக்கக்கூடாது. முதல் வெட்டு பாகத்துக்குச் சற்றுத் தள்ளி. சட்டத்திலிருந்து பிரிந்த பிறகு, மிச்சக் காம்புக்கு இரண்டாவது வெட்டு. லேசான வெள்ளைத் தழும்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தாலே பாதி மறையும்.

4. எல்லாப் பாகங்களையும் மொத்தமாக வெட்டிக் குவிக்காதீர்கள். எண் சட்டத்தில்தான் இருக்கிறது. வெட்டிவிட்டால் எது எந்தப் பாகம் என்று தெரியாது. அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். பழைய முறுக்கு டப்பா மூடியில் போட்டு வைத்தால் உருண்டு ஓடாது.

5. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தூள் பறந்து மூக்கில் ஏறாது. பெயிண்ட், ஸ்ப்ரே ஆசை இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புக்கு எட்டத்தில்.

6. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். கண்ணாடியும் பக்கவாட்டில் நல்ல விளக்கும் அவசியம். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து கழுத்தையும் தோளையும் அசைத்துவிடுங்கள்.

7. தவழும் குழந்தை, வாயில் போடும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் மிகவும் ஜாக்கிரதை! துவரம்பருப்பு அளவுப் பாகங்கள் நிறைய உண்டு. தொண்டையில் சிக்கினால் ஆபத்து. குழந்தை தூங்கிய பிறகு உட்காருங்கள், எழுந்திருக்கும்போது தரையைப் பெருக்கிவிடுங்கள். நிப்பரும் கத்தியும் மேல் அலமாரிக்குப் போகட்டும்.

8. பிள்ளையோடு செய்தால் அவசரப்படுத்தாதீர்கள், அவன் கையிலிருந்து பிடுங்கிச் செய்யாதீர்கள். கேள்வியும் கேட்காதீர்கள். சும்மா பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்குப் பிறகு...

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் சில நாள் "ம்" மட்டும்தான் பதில். அவனுக்கு உயரமும் தோழர்களும் கூடிவிட்டார்கள். மேஜைக்கு வந்து உட்கார நேரமில்லை. இப்போது பெரும்பாலும் நான் மட்டும்தான் செய்கிறேன். மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று. இட்லியானால் பத்து நிமிஷத்தில் காலி, துவைத்த துணி மறுநாளே அழுக்கு. ஆனால் நான் செய்த இந்த ஆறு பொம்மைகள் மட்டும் செய்தபடியே நிற்கின்றன. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்குக் கணக்குச் சொல்ல எனக்கு வராது.

வெட்டி முடிந்த சட்டங்களை இப்போது நான் குப்பையில் போடுவதில்லை. அந்தக் கம்பெனியே 2021 முதல் அவற்றைத் திரும்ப வாங்கி உருக்கிப் பயன்படுத்துகிறது. அதற்கென்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்ப் போடுமுன், பையோடு அவன் அறை வாசலில் நின்று குரல் கொடுப்பேன்.

"டேய், இதுல ஏதாவது பாகம் மிச்சமிருக்கா, பார்த்துச் சொல்லு."

"நீ செஞ்சதுதானேம்மா? நீயே பாரு" என்பான். ஆனால் எழுந்து வந்து, ஒவ்வொரு சட்டமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான்.